பெட்டைக்கு வளர்ந்த கொண்டை

அன்று விடியற்காலையில் கூவியது எங்கள் சேவல் இல்லை.

எங்கள் சேவலின் குரல் எனக்குத் தெரியும். கணீரென்று எழும்பி, கடைசியில் இழுத்து இழுத்து ஓயும். அன்று கேட்டது உடைந்த குரல். தொண்டை அடைத்துக்கொண்டதுபோலப் பாதியில் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் வந்தது.

கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். தை மாதமாக இருக்கலாம். ஓசூரை அடுத்த எங்கள் பேரிகைப் பக்கத்தில் அந்த மாதத்துப் பனி கூரையிலிருந்து சொட்டும். பாயிலிருந்து வாசல் வரை நடந்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்த அம்மா சட்டியும் கையுமாக நின்றுவிட்டிருந்தாள். என் மனைவி ருக்குமணி அப்போதுதான் கோழிக் கூண்டைத் திறந்துவிட்டிருந்தாள். எருக்குழி மேட்டில் எங்கள் செம்பெட்டை நின்றது. கழுத்தை நீட்டி, கண்ணைச் செருகி, இறக்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு முறை கூவியது.

அம்மா கோழியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பொட்ட கூவுச்சின்னா ஊட்டு ஆம்பளைக்கு ஆவாது" என்றாள்.

சத்தம் போடவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எங்கள் வீட்டில் ஆம்பளை என்றால் நான் ஒருவன்தான். அப்பா செத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

மூன்று பாஷைக் கோழி

அந்தச் செம்பெட்டை எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. கோழியைக் 'கோடி' என்போம். மாலூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் கன்னடக்காரர்கள் 'கோளி' என்பார்கள். ருக்குமணி பர்கூர்க்காரி. அவளுக்குத் தமிழ் மட்டும்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "கோடி எங்கே?" என்று அம்மா தெலுங்கில் கேட்டதற்கு, அவள் தெருக்கோடியைக் கைகாட்டினாள். அம்மா அதுவரை போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா அவளிடம் தமிழில் பேசத் தொடங்கினாள்.

கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்தனுப்பிய சாமான்களோடு ஒரு கூடையில் மூன்று விடைக்கோழிகளும் வந்தன. முட்டை வைக்கும் பருவத்துக்கு முந்திய கோழிகள். பர்கூரிலிருந்து பஸ்ஸில், ருக்குமணியின் மடியிலேயே அந்தக் கூடை இருந்தது. அவற்றில் ஒன்றைக் கீரிப்பிள்ளை கொண்டுபோயிற்று. இன்னொன்று கழிச்சலில் போயிற்று. மிஞ்சியது செம்பெட்டை. எங்கள் வாசலில் மேய்ந்த கோழிகளில் பாதிக்கு மேல் அது அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள்தான்.

அதனால் அதைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் 'பர்கூர்க் கோழி' என்றுதான் பேசுவார்கள். இந்தப் பெயர் பின்னால் ருக்குமணியைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

கொண்டை எதற்கு?

இந்தத் தொடரைப் படிக்கும் தேன்கனிக்கோட்டை வாசகர் ஒருவர், கோழிக்குக் கொண்டையும் அலகுக்குக் கீழே தொங்கும் தாடியும் எதற்கு, அழகுக்கா என்று கேட்டிருந்தார். செம்பெட்டைக்கு என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். கோழிப் பண்ணையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முட்டையை உடைத்து வெளியே வரும் குஞ்சின் தலையில் கொண்டை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. அலகுக்கு மேலே நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு தெரியும். தாடிக்கு அந்த அடையாளமும் இருக்காது. சில வாரங்கள் போனபின் ஒரே ஈற்றுக் குஞ்சுகளில் சிலவற்றுக்கு அந்தக் கோடு தடித்துச் சிவக்கும். அவை சேவல்கள். மற்றவற்றுக்கு மஞ்சள் பூத்தாற்போல அப்படியே கிடக்கும். அவை பெட்டைகள்.

சேவலின் விதை வயிற்றுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதில் ஊறும் ஒரு சத்து இரத்தத்தில் கலந்து தலைக்குப் போய்க் கொண்டையையும் தாடியையும் வளர்க்கிறது. விதையை எடுத்துவிட்டால் கொண்டை சுருங்கி வெளுத்துவிடும். கூவலும் நின்றுபோகும். அப்படி விதை எடுத்த சேவல்களைப் பல வருடம் கழித்து ஒரு பண்ணையில் பார்த்தேன். உடம்பு மட்டும் பெருத்து, தலை சின்னதாக இருந்தன.

பெட்டைக்கும் அந்தச் சத்து கொஞ்சம் உண்டு. முட்டை வைக்கப்போகிற விடைக்கோழிக்குக் கொண்டை மெத்தென்று பெருத்து, இரத்தச் சிவப்பாக மாறும். அதைப் பார்த்தே ருக்குமணி கூடையில் வைக்கோலைப் போட்டுவைப்பாள். அடைக்கு உட்கார்ந்தாலும், இறகு உதிர்த்தாலும் கொண்டை மறுபடி சுருங்கிவிடும்.

இனிப் பயனுக்கு வருவோம். கோழிக்கு வேர்வை கிடையாது. வெயில் காலத்தில் உடம்புச் சூட்டை இரத்தம் கொண்டையிலும் தாடியிலும் கொண்டுவந்து காற்றில் ஆற்றிக்கொள்கிறது. என் தாய்மாமன் திம்மராயப்பா சண்டைச் சேவல் வளர்த்தவர். எதிரிச் சேவல் கொத்திப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று குஞ்சாக இருக்கும்போதே கொண்டையையும் தாடியையும் அறுத்துவிடுவார். சித்திரை வெயிலில் அந்தச் சேவல்கள்தாம் முதலில் வாயைப் பிளந்துகொண்டு புளியமர நிழலுக்கு ஓடும். எங்கள் வீட்டுச் சேவல் அதற்கப்புறமும் வெகுநேரம் வெயிலிலேயே கிளறிக்கொண்டிருக்கும்.

சேவல் ஒரு புழுவைக் கண்டால் தின்றுவிடாது. கொக்கொக்கென்று சத்தம் கொடுத்து, தலையை மேலும் கீழும் ஆட்டும். அப்போது தாடி இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் ஆடும். அதைப் பார்த்துத்தான் பெட்டைகள் ஓடிவரும். கோழிகள் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்வதும் பெரும்பாலும் தலையைப் பார்த்துத்தான். ஒரு கோழிக்குக் கொண்டையில் காயம் பட்டு ருக்குமணி துணி சுற்றிவிட்டபோது, கூடப் பிறந்த கோழிகளே அதை அந்நியக் கோழி என்று நினைத்துத் துரத்தித் துரத்திக் கொத்தின.

செம்பெட்டை மாறியது

செம்பெட்டை ஐப்பசி மழைக்கு முன்பே முட்டை வைப்பதை நிறுத்திவிட்டது. வயசாகிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் கொண்டை சுருங்கவில்லை. அதுவரை சிறியதாகவே இருந்த கொண்டை நிமிர்ந்து வளரத் தொடங்கியது. தாடி இரண்டும் தொங்கின. அந்த வருடம் இறகு உதிர்த்து முளைத்தபோது கழுத்தில் சேவலுக்கு வருவதுபோல் கூர்மையான, பளபளக்கும் இறகுகள் வந்தன. காலில் முள்கூட எட்டிப் பார்த்தது.

மற்றப் பெட்டைகள் அதற்கு வழிவிட்டன. எங்கள் சேவல் சிலிர்த்துக்கொண்டு அதோடு சண்டைக்குப் போயிற்று. பார்க்க எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அது கூவுகிற வரைக்கும்.

அம்மாவின் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அப்பா செத்ததும் இப்படித்தான். நன்றாக இருந்த மனிதர் ஒரு வருடம் போல மெலிந்து, வெளுத்து, கால் வீங்கி, ஏர் பிடிக்க முடியாமல் படுத்தார். கடைசியில் மாட்டுவண்டியில் போட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியிலேயே உயிர் போய்விட்டது. அந்த வருடமும் பக்கத்து வீட்டில் ஒரு பெட்டை கூவியதாக அம்மா சொல்வாள். எனக்கு அது நினைவில்லை. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

இப்போது மகனும் வெளுத்துக்கொண்டே போகிறான். வாசலில் பெட்டை கூவுகிறது. அவள் வேறு என்ன நினைப்பாள்?

நானும் பயந்தேன். இரவில் படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் காதுக்குள் கேட்கும். ராகி மூட்டையைத் தூக்கிய தோளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. மழை பெய்து மண்சுவர் நனைந்தால் அந்த வாசனைக்கு நாக்கில் நீர் ஊறும். யாரும் பார்க்காதபோது சுவரைச் சுரண்டித் தின்பேன். ஒரு கோழி என் சாவைச் சொல்கிறது என்பதை நான் முழுக்க நம்பினேனா என்றால், பகலில் நம்பவில்லை. விடியற்காலையில் அது கூவும்போது நம்பினேன்.

ருக்குமணி இமையை இழுத்துப் பார்த்தது

கோழி கூவத் தொடங்கிச் சில நாள் ஆகியிருக்கும். மத்தியானம் கூழ் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ருக்குமணி எதிரே வந்து குந்தினாள். கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உதட்டைப் பிடித்து அழுத்தி, விட்டுப் பார்த்தாள். நகத்தையும் பார்த்தாள்.

"ஒங்களுக்கு ரத்தம் எங்கியோ போய்கினே இருக்குது" என்றாள்.

எங்கேயும் அடிபடவில்லையே என்றேன்.

"கோழிக்கும் அடிபடல. அப்பவும் போச்சு இல்ல?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. முந்தின வருடம் எங்கள் கோழிகளுக்குக் கொண்டை வெளுத்துக்கொண்டே வந்தது. தீனி தின்றன, கழிச்சல் இல்லை, ஆனாலும் நிற்க முடியாமல் தள்ளாடின. சில செத்தும் போயின. கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். ருக்குமணி ஒரு நாள் பொழுது சாய்ந்தபின் விளக்கை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பகலெல்லாம் சுவர் வெடிப்பில் ஒளிந்துகொண்டிருந்த உண்ணிகள் கோழியின் இறக்கைக்கு அடியில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துக்கொண்டிருந்தன. வெடிப்பை அடைத்து, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபின் கொண்டைகள் மெல்ல மெல்லச் சிவந்தன.

அன்றுமுதல் கூண்டைத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு கோழியின் கொண்டையையும் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். வெளுத்திருந்தால் இரத்தம் குறைகிறது. நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ நெஞ்சோ கெட்டிருக்கிறது, பிழைப்பது கஷ்டம். கறுப்புக் கறுப்பாகப் பொருக்குத் தட்டினால் அம்மை. பண்ணை வைத்தபின் நானும் இதைத்தான் செய்தேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னாள். அம்மாவிடம் கேட்டபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்ற சொல் அவளுக்கு அந்த மாட்டுவண்டியைத்தான் நினைவுபடுத்தியது.

மாமா சொன்ன வழி

அம்மா சொல்லியனுப்பித் திம்மராயப்பா மாமா வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா போனபின் எங்கள் நிலத்தை உழுது கொடுத்ததே அவர்தான். வந்ததும் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கோழியையும் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் சொன்ன வழி இது. கோழியை அறுத்து ஊர் எல்லையில் இரத்தம் விட வேண்டும். கோழி வந்த வீட்டுப் பெண் உகாதி வரைக்கும் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாள் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

'கூட்டிக்கொள்ளலாம்' என்று அவர் சொன்னாரே தவிர, அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தை இல்லை.

"முட்டையும் இல்ல, குஞ்சும் இல்ல. கூவ மட்டும் கூவுது" என்றாள் அம்மா.

கோழியைத்தான் சொன்னாள். ஆனால் அது கோழியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்பது ருக்குமணிக்கும் தெரியும். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்திவிட்டுக் குழலைக் கீழே வைத்தாள்.

நான், அவள் பர்கூருக்குப் போனால் நானும் அவளோடு போய்விடுவேன் என்று சொன்னேன். மாமா சிரித்தார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடப்பாயா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ருக்குமணி எழுந்து வந்து அம்மாவுக்கு எதிரே நின்றாள்.

"அத்த, கோழிய கொண்டாந்தது நானு. நானே அறுக்கறேன். ஆனா நாளைக்கு இவர கிருஷ்ணகிரிக்குக் கூட்டிகினு போவணும். காட்டிட்டு வந்தப்புறம் என்ன பர்கூருக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமாதான், அவள் கேட்பதில் தப்பில்லை என்றார். அம்மா தலையசைத்தாள்.

வயிற்றுக்குள் இருந்தது

செம்பெட்டை அவள் கூப்பிட்டால் வரும். அன்றும் வந்தது. அதை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

எல்லையில் விடுவதற்கு வேண்டிய இரத்தத்தை மாமா ஒரு கொட்டாங்கச்சியில் பிடித்துக்கொண்டுபோனார். அதோடு வேலை முடிந்தது. ஆனால் ருக்குமணி கோழியைத் தூக்கிப் போடவில்லை. இறகைப் பிடுங்கி, பலகையில் வைத்து வயிற்றைக் கீறினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு கேட்டேன். முட்டை ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது என்றாள்.

கோழி அறுத்த வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். முட்டை வைக்கிற பெட்டையின் வயிற்றில், இடப்பக்கத்தில் முதுகெலும்பை ஒட்டி, திராட்சைக் குலைபோல மஞ்சள் கருக்கள் சின்னதும் பெரியதுமாக இருக்கும். வலப்பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

செம்பெட்டையின் வயிற்றில் அந்தக் குலை இல்லை. அந்த இடத்தில் கறுத்து இறுகிப்போன ஒரு கட்டி இருந்தது. மோசமான நாற்றம் அடித்தது. வலப்பக்கத்தில், ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில், அவரை விதைபோல வெளிறிய ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத்த, இங்க வந்து பாருங்க" என்றாள் ருக்குமணி.

அம்மா வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். குனிந்து பார்த்தாள். எத்தனையோ கோழி அறுத்த கை அவளுடையது. விரலால் அந்த வெளிறிய விதையைத் தொட்டு நகர்த்தினாள்.

"இது சேவலுக்கு இருக்கறது" என்றாள்.

"ஆமா. அந்தப் பக்கம் பாருங்க, முட்டக் கொல அழுவிக் கெடக்குது. நோவு வந்தது கோழிக்கு. அதான் அப்பிடி ஆயிட்டது."

அம்மா வெகுநேரம் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாமா திரும்பி வந்ததும், கிருஷ்ணகிரிக்குப் போவதற்குக் காலையில் சூளகிரி வரை போகிற முதல் பஸ் எப்போது என்று அவரிடம் கேட்டாள்.

இதன் காரணத்தை எனக்கு விளக்கியவர் ஒரு கால்நடை மருத்துவர். பண்ணை வைத்துப் பல வருடம் கழித்து, எங்கள் பண்ணையிலேயே ஒரு பெட்டை கூவியபோது சொன்னார். பெட்டைக் கோழிக்கு இடப்பக்கத்துச் சூலகம், அதாவது முட்டைக் குலை, மட்டும்தான் வளர்கிறது. வலப்பக்கத்தில் இருப்பது முளைவிடாத விதை மாதிரி அடங்கிக் கிடக்கும். இடப்பக்கம் நோயில் கெட்டுவிட்டால், எப்போதாவது ஒரு கோழிக்கு அந்த வலப்பக்கத்து விதை விழித்துக்கொள்ளும். அது பெட்டைக்கு உரியதாக வளராமல் சேவலுக்கு உரியதாக வளரும். அதில் ஊறுகிற சத்துதான் கொண்டையை நிமிர்த்துகிறது, தாடியை வளர்க்கிறது, கூவ வைக்கிறது. ஆயிரத்தில் ஒன்றுக்கு நடக்குமோ, பத்தாயிரத்தில் ஒன்றுக்கு நடக்குமோ என்றார்.

செம்பெட்டையை யாரும் தின்னவில்லை. ருக்குமணி அதை எருக்குழிக்கு அப்பால் புதைத்தாள்.

கிருஷ்ணகிரி

மூன்று பேரும் போனோம். நான் வழியில் செத்துவிட்டால் ருக்குமணி தனியாக என்ன செய்வாள் என்று நினைத்து அம்மாவும் கிளம்பிவிட்டாள் என்பது என் ஊகம். ராகிக் களியைத் துணியில் மூட்டை கட்டி மடியில் வைத்திருந்தாள். சூளகிரியில் பஸ் மாறும்போது இருவரும் ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் இளவயசுக்காரர். திருநெல்வேலிப் பக்கம். அவர் பேசிய தமிழ் ருக்குமணிக்கே பாதிதான் புரிந்தது. அவரும் முதலில் என் கண்ணின் கீழ் இமையைத்தான் இழுத்துப் பார்த்தார். ருக்குமணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மலத்தைப் பரிசோதித்துவிட்டு வந்து, கொக்கிப்புழு என்றார். ஈர மண்ணில் இருக்கும், வெறுங்காலில் நடந்தால் பாதத்தில் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், குடலில் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும் என்று விளக்கினார். மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் அரிப்பு வந்ததா என்று கேட்டார். வந்தது. சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் வைத்தோம். காட்டுப்பக்கம் ஒதுங்குகிற இடத்திலேயே வெறுங்காலோடு நடப்போமா என்றார். வேறு எங்கே நடப்பது?

ருக்குமணி கோழி உண்ணியைப் பற்றி அவரிடம் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிதாம்மா. அது வெளியே இருந்து குடிச்சுது, இது உள்ளே இருந்து குடிக்கு. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீக" என்றார்.

அம்மா என் தோளைத் தொட்டாள். டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும், தெலுங்கில் சொல்கிறேன், நீ தமிழில் சொல் என்றாள். அப்பாவுக்கும் இப்படித்தான் கால் வீங்கியது, இப்படித்தான் வெளுத்தார், அதுவும் இந்தப் புழுதானா, அப்போது இங்கே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாள்.

அதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்தார். பிறகு, இருக்கலாம், ஆனால் பார்க்காத நோயாளியைப் பற்றி நான் சொல்லக் கூடாது, அது எனக்குத் தெரியாது என்றார். நான் அதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றாள். ருக்குமணி அவள் பின்னாலேயே போனாள்.

கொடுத்த மருந்துக்குத் தலை சுற்றியது. வாந்தி வந்தது. பேதிக்குக் கொடுத்தார்கள். பிறகு இரும்புச் சத்து மருந்து. பல்லெல்லாம் கறுத்துப்போனது. சில நாள் அங்கேயே படுத்திருந்தேன். அம்மாவும் ருக்குமணியும் தாழ்வாரத்தில் படுத்தார்கள். ஒரு பகல்வேளை கண்விழித்தபோது அம்மா, தான் கொண்டுவந்த களியைப் பிட்டு முதலில் ருக்குமணியிடம் நீட்டுவதைப் பார்த்தேன். வீட்டில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

உகாதி போயிற்று. அவளைப் பர்கூருக்கு அனுப்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மா அதற்காக மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. அந்த வருடத்து முதல் மழைக்கே நான் ஏர் பிடித்தேன். குழந்தை பிறந்தது இன்னும் சில வருடம் கழித்து. அதற்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை.

டயர் செருப்பு

டாக்டர் கடைசியாகச் சொன்னது, செருப்பு இல்லாமல் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்பது. ஒதுங்கப் போகிற இடத்தில் குழி வெட்டி மூட வேண்டும் என்றும் சொன்னார். குழி வெட்டுவது சுலபமாக நடந்தது. செருப்புதான் கஷ்டம்.

பேரிகைச் சந்தையில் ஒரு கன்னடக்காரர் பழைய லாரி டயரை வெட்டிச் செருப்பு தைத்துக் கொடுப்பார். அவரிடம் மூன்று பேருக்கும் அளவு சொல்லித் தைத்து வாங்கிவந்தேன். ருக்குமணி அன்றே போட்டுக்கொண்டாள். நான் ஏர் பிடிக்கும்போது போட்டுக்கொண்டால் ஊரே நின்று பார்க்கும். நாலு நாளில் அவர்களுக்குச் சலித்துப்போயிற்று.

அம்மா தொடவில்லை. பிறந்ததிலிருந்து மண்ணில் நடந்த கால், இனி என்ன வரப்போகிறது என்றாள். செருப்பு கூரைக்கு அடியில் ஆணியில் மாட்டியபடி மாதக்கணக்கில் தொங்கியது. நாங்கள் வற்புறுத்தவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சந்தை நாள். ராத்திரியெல்லாம் மழை பெய்து தெரு சேறாகக் கிடந்தது. ருக்குமணி முட்டைக் கூடையோடு கிளம்பி, கூட வருகிற அம்மாவுக்காக வாசலில் நின்றாள். அம்மா கூரைக்கு அடியில் கையை விட்டுச் செருப்பை எடுத்தாள். கீழே போட்டுக் காலை நுழைத்தாள். இடது வலது மாற்றிப் போட்டிருந்தாள். ருக்குமணி குனிந்து அதைச் சரிசெய்தாள்.

டயர் செருப்பு கனமாக இருக்கும். பழக்கமில்லாத காலுக்குச் சேற்றில் அது இன்னும் கனக்கும். அம்மா தெருவில் இறங்கி இரண்டு அடி வைத்ததும் தடுமாறினாள். ருக்குமணி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒரு கையை நீட்டினாள்.

"மெதுவா போ. எனக்குக் கால் வரல" என்று சொல்லிவிட்டு, அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.